ஒரே கண்ணாடி இழை, இரண்டு விலை: ஃபைபர் இணைப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் பலவும் ஃபைபர் இணையத்தைச் சுற்றியே இருந்தன. வீட்டு இணைப்புக்கும் தொழில் இணைப்புக்கும் என்ன வித்தியாசம், எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதை எங்கள் தொழில்நுட்பக் குழு இங்கே விளக்குகிறது.

கேள்வி: கிருஷ்ணகிரியில் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் ஓடுகிறது. பட்டறைக்கும் அதே 100 எம்பிபிஎஸ் கேட்டேன். ‘லீஸ்டு லைன்’ என்று சொல்லி இருபது மடங்கு விலை சொல்கிறார்கள். கம்பி ஒன்றுதானே, ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவில்லை, விற்கும் பொருளே வேறு. ஆனால் உங்கள் பட்டறைக்கு அந்தப் பொருள் தேவையா என்றால், அநேகமாக இல்லை.

வீட்டுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் முறை. நிறுவனத்தின் அறையில் ஓஎல்டி என்ற பெட்டி இருக்கும். அதன் ஒரு போர்ட்டிலிருந்து ஒற்றை இழை தெருவுக்குக் கிளம்பி, கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் ஸ்பிளிட்டரில் நுழையும். ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். வெளிச்சத்தை 32 அல்லது 64 பங்காகப் பிரித்துக் கொடுக்கும் கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். அந்த ஒரு போர்ட்டின் மொத்தக் கொள்ளளவு டவுன்லோடில் 2.488 ஜிபிபிஎஸ், அப்லோடில் 1.244 ஜிபிபிஎஸ். 32 பேருக்கு ஆளுக்கு 100 எம்பிபிஎஸ் விற்றால் கணக்கு 3,200 ஆகிறது. கையில் இருப்பதோ 2,488. இது மோசடி அல்ல. ஆயிரம் பேருக்குப் பத்திரிகை கொடுத்துவிட்டு, ஒரு பந்திக்கு இருநூறு இலை போடுகிறோம் அல்லவா, அந்தக் கணக்குதான். எல்லோரும் ஒன்றாக வந்து உட்காராதவரை யாருக்கும் குறை தெரியாது. இரவு எட்டரைக்குக் கிரிக்கெட் ஓடும்போது தெரியும். அப்போதும் நெருக்கடி பெரும்பாலும் கம்பத்தில் இருக்காது. ஓஎல்டிக்குப் பின்னால், நிறுவனம் பெங்களூருக்கோ சென்னைக்கோ வாங்கி வைத்திருக்கும் மொத்த அலைவரிசையில் இருக்கும்.

லீஸ்டு லைனில் பந்தியே கிடையாது. உங்கள் இலை உங்களுக்கு மட்டும். 100 எம்பிபிஎஸ் என்றால் டவுன்லோடும் 100, அப்லோடும் 100. நள்ளிரவிலும் 100, மாலையிலும் 100. பெரும்பாலும் ஸ்பிளிட்டர் இல்லாத தனி இழை நேராக உங்கள் கட்டடத்துக்கு வரும். மாறாத ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்களுக்கென்று ஒரு நிரந்தரக் கதவு எண், உண்டு. மாத டேட்டா வரம்பு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வோம் என்று எழுத்தில் ஒப்புக்கொடுக்கிறார்கள். அந்த இருபது மடங்கில் பெரும்பங்கு வேகத்துக்கான விலை அல்ல. ஒதுக்கி வைக்கும் அலைவரிசைக்கும், இரவு இரண்டு மணிக்கு, அறுந்த இழையை ஒட்டும் ஸ்பிளைசிங் மிஷினோடு ஆள் அனுப்பும் பொறுப்புக்கும் கொடுக்கும் விலை.

இரண்டுக்கும் நடுவே ‘பிசினஸ் பிராட்பேண்ட்’ என்று ஒன்று விற்கிறார்கள். குழப்பம் அங்கேதான். பல இடங்களில் அது அதே ஓஎல்டி, அதே ஸ்பிளிட்டர், அதே மோடம். திட்டத்தின் பெயர் மட்டும் வேறு. கூடுதலாகக் கிடைப்பது அதிக அப்லோடு, அதிக டேட்டா, மாறாத ஐபி, புகார் வரிசையில் கொஞ்சம் முன்னுரிமை. இது கெட்ட சரக்கு அல்ல. ஆனால் ‘பிசினஸ்’ என்ற சொல்லைக் கேட்டு லீஸ்டு லைன் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். மூன்றே விஷயம் கேளுங்கள்: அப்லோடு எவ்வளவு, டேட்டா வரம்பு எவ்வளவு, பழுது நீக்கும் கால வரம்பு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா?

டேட்டா வரம்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘அன்லிமிடெட்’ என்று சொல்லும் பல வீட்டுத் திட்டங்களில் மாதம் 3,300 ஜிபிக்குப் பிறகு வேகம் விழும். வீட்டுக்கு அது தாராளம். பட்டறையில் எட்டு கேமராவை இரவு பகலாக கிளவுடில் பதிவு செய்தால், கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் வீதம் 16 எம்பிபிஎஸ். முப்பது நாளில் சுமார் 5,180 ஜிபி. அப்லோடையும் கணக்கில் சேர்க்கும் திட்டமாக இருந்தால் மாதம் முடியப் பத்து நாளுக்கு மேல் இருக்கும்போதே கதை முடிந்துவிடும். பதிவை டிவிஆர் என்ற கேமரா பதிவுப் பெட்டியின் ஹார்டு டிஸ்கிலேயே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் போனில் பாருங்கள்.

உங்கள் வேலையைப் பார்த்தால் இ-வே பில், ஸ்லாப் படங்கள், கேமரா, அக்கவுண்ட்ஸ். இ-வே பில் எடுக்கப் போன் ஹாட்ஸ்பாட்டே போதும். அதற்காக லீஸ்டு லைன் வாங்குவது கொசுவை அடிக்கக் கோடாலி தூக்குவது போல. ஒரு பிசினஸ் பிராட்பேண்ட், அதோடு சிம் போட்ட ஒரு ரூட்டர், இரண்டும் உங்களுக்குப் போதும்.

கேள்வி: ஒசூரில் டிசைன் அலுவலகம். 300 எம்பிபிஎஸ் திட்டம் என்கிறார்கள். ஸ்பீடு டெஸ்டில் எப்போது பார்த்தாலும் 94 தான் காட்டுகிறது. பெங்களூரு கம்பெனிக்கு 40 ஜிபி ஃபைல் அனுப்ப நாள் முழுக்க ஆகிறது. லைனை மாற்றலாமா?

முதலில் 94-ஐப் பார்ப்போம். ‘எப்போது பார்த்தாலும் 94’ என்பதே நோயைச் சொல்லிவிடுகிறது. நெரிசலாக இருந்தால் எண் ஏறி இறங்கும். 94, 95-இல் ஆணி அடித்தது போல நின்றால் வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது. பல மோடம்களின் பின்புறம் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்று மட்டுமே கிகாபிட். மற்ற மூன்றும் 100. கேபிளை கிகாபிட் போர்ட்டில், பெரும்பாலும் முதலாவதில், மாற்றிச் செருகுங்கள். அப்படியும் 94 என்றால் லேன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இரு முனையும் பேசி 100-க்கு இறங்கிவிடும். எலி கடித்தது, நாற்காலிச் சக்கரம் ஏறியது, கிரிம்பிங் சரியில்லாதது ஆகியவை வழக்கமான காரணங்கள். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் உங்கள் உண்மையான பிரச்சினை அப்லோடு. திட்டத்தின் பெயரில் இருக்கும் 300 டவுன்லோடாக மட்டும் இருக்கலாம். 40 ஜிபி ஃபைலுக்கு 20 எம்பிபிஎஸ் அப்லோடில் சுமார் நாலரை மணி நேரம். 100 எம்பிபிஎஸ் என்றால் 53 நிமிடம். உங்களுக்கு நாள் முழுக்க ஆகிறது என்றால் 10 எம்பிபிஎஸ் பக்கம்தான் கிடைக்கிறது. எம்பிபிஎஸ் வேறு, ஃபைல் அளவில் சொல்லும் எம்பி வேறு. எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 எம்பி.

லைனை மாற்றும் முன் ஒரு வாரம் சோதியுங்கள். வைஃபை வேண்டாம், லேன் கேபிளில். காலை பத்து, மாலை நான்கு, இரவு ஒன்பது. அப்லோடு எண்ணைத் தனியே குறித்து வையுங்கள். மூன்று நேரமும் ஒரே எண் என்றால் அது திட்டத்தின் வரம்பு. டவுன்லோடும் அப்லோடும் சமமாக உள்ள திட்டத்துக்கு மாறினால் போதும். பகலில் மட்டும் விழுந்தால் நெரிசல். அதே நிறுவனத்தில் பெரிய திட்டம் வாங்குவதில் பயனில்லை, அதே பந்தியில்தான் போய் உட்காருவீர்கள். உங்கள் தொழிலுக்கு லீஸ்டு லைன் பொருத்தமே. 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் என்றால் இந்த ஃபைல் ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேரும், அதுவும் தினமும் அதே நேரத்தில்.

கேள்வி: தருமபுரியில் நகைக்கடை. முன்பு டிவிஆருக்கு போர்ட் திறந்து வீட்டிலிருந்து கேமரா பார்த்தோம். ஃபைபருக்கு மாறியதிலிருந்து வேலை செய்யவில்லை. மாறாத ஐபி வாங்கச் சொல்கிறார் கேபிள்காரர்.

உங்கள் கடைக்கு இப்போது சொந்த முகவரி இல்லை. ஐபிவி4 முகவரிகள் பற்றாக்குறையால், ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களைக் குடியமர்த்துகிறார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். காம்பவுண்டுக்கு ஒரே கதவு எண், உள்ளே நாற்பது குடித்தனம். தபால்காரர் யார் வீட்டைத் தட்டுவார்? உள்ளிருந்து வெளியே போவதில் சிக்கல் இல்லை, வெளியிலிருந்து உள்ளே வரத்தான் வழியில்லை. நீங்கள் மோடமில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இல்லை.

உறுதிசெய்ய, மோடமின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பெரும்பாலும் 192.168.1.1, ‘வான்’ (WAN) என்று குறித்திருக்கும் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் சிஜிநாட்டேதான். 10 என்று தொடங்கினாலும் அது பொது முகவரி அல்ல.

கேமரா பார்க்க மட்டும் என்றால் மாறாத ஐபி வாங்க வேண்டாம். டிவிஆர் கம்பெனியின் ஆப்பிலேயே கியூஆர் கோடு ஸ்கேன் செய்து இணைக்கும் வசதி இருக்கும்; அதில் டிவிஆர் தானாக வெளியே போய்ப் பேசும், கதவு திறக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் போர்ட் மூடியது உங்களுக்கு நல்லதே. 2016-இல் உலகையே உலுக்கிய மிராய் என்ற தாக்குதல், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றித்தான் நடந்தது. நகைக்கடைக் கேமரா திறந்து கிடப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மாறாத ஐபி உண்மையிலேயே வேண்டியவர்கள் வேறு: கிளைகளைத் தலைமைக் கடையின் சர்வரோடு விபிஎன் என்ற பூட்டிய தனிவழி மூலம் இணைப்பவர்கள், வங்கியோ வாடிக்கையாளர் நிறுவனமோ குறிப்பிட்ட ஐபியை மட்டும் அனுமதிப்பவர்கள், சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள். கிளையிலிருந்து டேலி பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்து வைக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. உடனே மூடுங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் முதலில் தட்டிப் பார்க்கும் கதவுகளில் அது ஒன்று. விபிஎன் போட்டு அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப் வையுங்கள்.

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி மண்டி. கரண்ட் போனால் நெட்டும் போகிறது. மோடத்துக்கு இன்வெர்ட்டர் கொடுத்தும் அப்படியே. ஃபைபருக்குக் கரண்ட் வேண்டாம் என்றார்களே?

இழைக்கு வேண்டாம், இரு முனைக்கும் வேண்டும். ஜிபான் முறையில் ஓஎல்டி அறைக்கும் உங்கள் மோடத்துக்கும் நடுவே கரண்ட் தேவைப்படும் பொருள் எதுவும் கிடையாது. ஆனால் சில உள்ளூர் ஆபரேட்டர்கள் பாதி வழி ஃபைபர் கொண்டுவந்து, தெருவில் யாருடைய கடை மாடியிலோ வெளிச்சத்தை மின் சிக்னலாக மாற்றும் ஒரு மீடியா கன்வெர்ட்டரும் ஸ்விட்சும் வைத்து, அங்கிருந்து லேன் கேபிள் இழுப்பார்கள். அல்லது சின்ன ஓஎல்டி ஒன்றை அந்தத் தெருவிலேயே வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்கு பேட்டரி இல்லை என்றால் உங்கள் இன்வெர்ட்டர் என்ன செய்யும்?

கண்டுபிடிப்பது சுலபம். கரண்ட் போனதும் மோடத்தின் விளக்கைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் எதிர்முனை வெளிச்சமே அனுப்பவில்லை. ஆபரேட்டர் பக்கம் கரண்ட் இல்லை என்று பொருள். ஓஎல்டியோடு தொடர்பு இருப்பதைக் காட்டும் பிஓஎன் விளக்கு பச்சையாக நிலையாக இருந்தும் நெட் இல்லை என்றால் ஓஎல்டிக்குப் பின்னால் ஏதோ அணைந்திருக்கிறது. மோடமே அணைந்து மறுபடி எழுந்தால் உங்கள் இன்வெர்ட்டர் மாறும் நேரம் அதிகம். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை அடாப்டருக்கும் மோடத்துக்கும் நடுவே போட்டால் தீரும். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள். 1.5 ஆம்பியர் கேட்கும் மோடத்துக்கு 1 ஆம்பியர் மினி யுபிஎஸ் போட்டால், வைஃபையில் நாலு பேர் சேர்ந்ததும் அது ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.

அதிகாலை ஏலத்தில் ஐந்து நிமிடம் நெட் போனாலே ரேட் மாறிவிடும் என்ற நிலை உங்களுடையது. ஆபரேட்டர் பக்கம் சிக்கல் என்று தெரிந்தால், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு ஆபரேட்டரைப் பாருங்கள்.

கேள்வி: போச்சம்பள்ளியில் கம்ப்யூட்டர் சென்டர். மாதம் இரண்டு முறை சிவப்பு விளக்கு. ஆள் வந்து ஏதோ தட்டிவிட்டுப் போகிறார், இரண்டு வாரம் ஓடுகிறது. நிரந்தரமாகச் சரிசெய்ய என்ன கேட்க வேண்டும்?

‘ஆர்எக்ஸ் பவர் எவ்வளவு?’ என்று கேளுங்கள். மோடத்துக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது. பல மோடம்களில் நீங்களே பார்க்கலாம். அமைப்புப் பக்கத்தில் பிஓஎன் அல்லது ஆப்டிகல் தகவல் என்ற இடத்தில் இருக்கும். மைனஸ் எண்ணில் டிபிஎம் என்று வரும். மைனஸ் 15 முதல் மைனஸ் 23 வரை இருந்தால் ஆரோக்கியம். மைனஸ் 25-ஐத் தாண்டினால் நூலிழையில் ஓடுகிறது. வழக்கமான பி-பிளஸ் வகை ஜிபான் கருவிகளுக்கு மைனஸ் 27 எல்லை. அதற்குக் கீழே சிவப்பு.

வெளிச்சம் எங்கே கரைகிறது என்று கூட்டிப் பாருங்கள். ஓஎல்டி சுமார் பிளஸ் 3 டிபிஎம்மில் அனுப்புகிறது. 32-ஆகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் சுமார் 17 டிபி (வெளிச்ச இழப்பை அளக்கும் அலகு) தின்னும். ஐந்து கிலோமீட்டர் இழைக்கு இரண்டு டிபிக்குள். நல்ல கனெக்டர் ஒன்றுக்கு 0.3. இழைகளை உருக்கி ஒட்டும் ஃபியூஷன் ஸ்பிளைஸுக்கு 0.1 கூட வராது. மொத்தம் போக உங்களுக்கு மைனஸ் 17, 18 கிடைக்க வேண்டும். மைனஸ் 26 என்று காட்டினால் எட்டு டிபி வழியில் காணாமல் போகிறது. திருடன் பெரும்பாலும் கடைசி நூறு மீட்டரில்தான் இருப்பான்.

முதல் சந்தேகம் மோடத்துக்குள் செல்லும் முனை. ஜிபான் கனெக்டர் பெரும்பாலும் பச்சை நிறம், எஸ்சி ஏபிசி. அதன் நுனி எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீல நிற யுபிசி முனை நேராக இருக்கும். பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே போகும், ஆனால் நுனிகள் முழுதாக ஒட்டாது. பல டிபி போய்விடும். அவசரத்துக்கு ஆள் இப்படிச் சொருகிவிட்டுப் போவது உண்டு. அடுத்து, கையால் அழுத்திப் பொருத்தும் ஃபாஸ்ட் கனெக்டர். உள்ளே இருக்கும் ஜெல் வெயிலில் காய்ந்தோ இழை அரை மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்தோ போனால், தட்டினால் ஒட்டும், இரண்டு வாரத்தில் மறுபடி விலகும். உங்கள் கதை அச்சு அசல் இதுதான். ஃபியூஷன் மிஷினில் பிக்டெயில், அதாவது கனெக்டரோடு வரும் குட்டி இழை, ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

பிறகு வளைவு. ஜன்னல் சந்தில் நசுங்கிய இடம், கேபிளை ஆணியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்ட இடம். சாதாரண இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது; வளைவைத் தாங்கும் ஏ2 வகை மட்டும் 7.5 மில்லிமீட்டர் வரை பொறுக்கும். முனையை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் தூசியைவிட மோசம். கண் எதிரே வைத்தும் பார்க்காதீர்கள். உள்ளே வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

ஆள் வேலையை முடித்ததும் எண்ணை உங்கள் முன்னால் மறுபடி பார்த்து, தேதியோடு சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ‘லைன் நல்லாத்தான் இருக்கு சார்’ என்று சொல்ல முடியாது.

கேள்வி: பர்கூரில் ஆயத்த ஆடை ஏற்றுமதி. இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் வைத்திருக்கிறோம். சாலை வேலைக்கு ஜேசிபி தோண்டியதில் இரண்டும் ஒன்றாகப் போயின. இன்னொன்று, இரண்டையும் சேர்த்து ஓட்டினால் நெட் பேங்கிங் அடிக்கடி லாகவுட் ஆகிறது.

பில் இரண்டு, பள்ளம் ஒன்று. வெவ்வேறு நிறுவனமாக இருந்தாலும் நெடுஞ்சாலை ஓரம் ஒரே குழாயிலோ ஒரே கம்ப வரிசையிலோ வருவது சாதாரணம். சில சமயம் இரண்டாமவர் முதலாமவரிடமே இழையை வாடகைக்கு எடுத்திருப்பார். இரண்டாவது இணைப்பு வாங்கும்போது வேகத்தைக் கேட்பதைவிட ‘உங்கள் லைன் எந்த வழியாக வருகிறது’ என்று கேளுங்கள். உங்கள் கேட்டிலிருந்து முதல் ஜங்ஷன் பெட்டி வரை நடந்து பாருங்கள். ஒன்று மண்ணுக்கடியில் என்றால் மற்றது கம்பத்தில், அல்லது மூன்றாவதாக ஒரு 5ஜி சிம். லீஸ்டு லைன் என்றால் இரு வேறு வழிகளில் இழை தரச் சொல்லி ஒப்பந்தத்தில் வரைபடத்தோடு எழுதி வாங்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, கொடுக்கத் தகுந்தது.

லாகவுட் ஆவதற்குக் காரணம், ரூட்டர் லோடு பேலன்சிங்கில் இருப்பது. ஒரு கிளிக் ஒரு லைனில், அடுத்த கிளிக் மற்றதில் போகிறது. வங்கியின் கண்ணுக்கு நடுவில் ஆள் மாறியது போல ஐபி மாறுகிறது, உடனே வெளியே தள்ளுகிறது. ஃபெயில்ஓவர் முறைக்கு மாற்றுங்கள்: ஒன்று முதன்மை, மற்றது காத்திருப்பு. லைன் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க மோடம் விளக்கை நம்பாமல், 8.8.8.8, 1.1.1.1 போன்ற இரண்டு வெளி முகவரிகளை ஐந்து நொடிக்கு ஒரு முறை பிங் செய்யவையுங்கள். இரண்டிலும் தொடர்ந்து மூன்று முறை தவறினால் மாறட்டும். முதன்மை லைன் திரும்பி வந்தாலும் உடனே போகக் கூடாது, மூன்று நிமிடமாவது பொறுக்கட்டும். ஸ்பிளைசிங் நடக்கும்போது லைன் வந்து வந்து போகும். ரூட்டரும் கூடவே ஆடினால் எதுவும் ஓடாது. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை முதன்மை கேபிளை நீங்களே பிடுங்கிச் சோதியுங்கள்.

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் மாங்கூழ் ஆலை. சீசன் மூன்று மாதம்தான். லீஸ்டு லைன் ஒப்பந்தத்தில் 99.5 சதவீத நேரம் லைன் இயங்கும் என்று போட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணா?

எண்ணைவிட அதை எந்தக் காலத்துக்குக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். மாதக் கணக்கு என்றால் 720 மணி நேரத்தில் 3.6 மணி நேரம் போகலாம். ஆண்டுக் கணக்கு என்றால் 8,760 மணி நேரத்தில் 43.8 மணி நேரம். ஜூன் மாதத்தில் வாசலில் லாரி வரிசை நிற்கும்போது தொடர்ந்து ஒன்றே முக்கால் நாள் லைன் போனாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று சொல்லிவிடலாம். மாதக் கணக்காக எழுதி வாங்குங்கள். 99.9 என்றால் மாதம் 43 நிமிடம்.

அடுத்து விலக்குகள். ‘இழை அறுந்தால் கணக்கில் சேராது’ என்று ஒரு வரி இருந்தால் அந்த ஒப்பந்தத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை; நம் ஊரில் பெரிய பழுதே இழை அறுவதுதான். முன்னறிவித்த பராமரிப்பை விலக்குவது நியாயம், ஆனால் மாதம் எத்தனை மணி, எந்த நேரத்தில் என்று வரம்பு போடுங்கள். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும்? நீங்கள் புகார் எண் வாங்கிய நிமிடத்திலிருந்தா, அவர்கள் ‘உறுதிசெய்த’ பிறகா? இழப்பீடு என்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் சில நாள் வாடகைக் கழிவு மட்டுமே. உங்கள் சரக்கு கெட்டதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். ஒப்பந்தம் ஆளை விரட்ட உதவும், நஷ்டத்தை ஈடுகட்டாது.

மூன்று மாதத்துக்காக ஆண்டு முழுக்க பெரிய லைன் வேண்டாம். 10 அல்லது 20 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனை நிரந்தரமாக வைத்து, சீசனில் மட்டும் வேகத்தைக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். இழை அதேதான், ஸ்விட்சில் எண்ணை மாற்றும் வேலை. கையெழுத்துக்கு முன் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். பின் கேட்டால் புதிதாக விலை சொல்வார்கள். இன்னொன்று, புது லைன் போட கம்ப அனுமதி, சாலை வெட்ட அனுமதி என்று வாரக்கணக்கில் இழுக்கும். மே மாத வேலைக்கு ஜனவரியிலேயே ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: ஒகேனக்கல்லில் லாட்ஜ். வீட்டுத் திட்டத்தை வைத்து விருந்தினருக்கு வைஃபை கொடுக்கலாமா?

உங்கள் திட்டத்தின் நிபந்தனைகளைப் படியுங்கள். வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் வணிகப் பயன்பாட்டுக்கும் மற்றவருக்குப் பகிர்வதற்கும் தடை இருக்கும். பாஸ்வேர்டை ரிசப்ஷனில் எழுதி ஒட்டுவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். யாராவது உங்கள் வைஃபையில் தவறு செய்தால் போலீஸ் வருவது பில்லில் இருக்கும் பெயரைத் தேடித்தான். பிசினஸ் திட்டம், போன் எண்ணுக்கு ஓடிபி அனுப்பி அனுமதிக்கும் ரூட்டர், விருந்தினர் நெட்வொர்க்கும் ரிசப்ஷன் கம்ப்யூட்டரும் தனித்தனி. ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் வரம்பு போட்டால் ஒரு அறையின் சினிமா மற்ற அறைகளைத் தின்னாது.

கேள்வி: அரூரில் உரக்கடை. இணைய பில்லில் கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கலாமா?

பில் கடையின் பெயரில், கடையின் ஜிஎஸ்டி எண்ணோடு இருந்து, ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் வாங்கிய பில்களைக் காட்டும் 2பி அறிக்கையிலும் வந்தால் எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது. பில் உங்கள் சொந்தப் பெயரில் வீட்டு இணைப்பாக இருந்தாலும் முடியாது. ஆயிரம் ரூபாய் பில்லுக்கு 180 ரூபாய். இணைப்பு வாங்கும்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள், பின்னால் மாற்றுவது அலைச்சல்.

கேள்வி: தேன்கனிக்கோட்டை தாண்டி ரோஜா பசுமைக்குடில். ஃபைபர் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, டவுனோடு நின்றுவிட்டது. வழி உண்டா?

முதலில் உங்கள் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு, ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுசெல்லும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் இழை வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலையை எடுத்திருக்கிறது. அங்கிருந்து உங்கள் இடம் பக்கம் என்றால் உள்ளூர் ஆபரேட்டர் மீதித் தூரத்தை இழுக்க முன்வரலாம்.

இல்லையென்றால் ரேடியோ லிங்க். டவுனில் தெரிந்தவர் மாடியில் ஒரு பிசினஸ் ஃபைபர், அங்கே ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ், உங்கள் குடிலில் எதிர் டிஷ். டவுன் பக்க நிறுவனத்திடம் இப்படி எடுத்துச் செல்ல எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அல்லது அவர்களையே லிங்க் போட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டு டிஷ்ஷும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். பார்வைக் கோடு மரக்கிளையை உரசாமல் போனால் மட்டும் போதாது. ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் அலை சுமார் எட்டு மீட்டர் ஆரத்துக்கு விரியும். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது கோட்டுக்குக் கீழேயும் பக்கங்களிலும் ஐந்து மீட்டர், வெறுமையாக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் தைல மரங்களுக்கு மேலே தெளிவாக ஓடிய லிங்க், இரண்டு மழை பெய்து மரம் வளர்ந்ததும் திணறுவது இதனால்தான். மழைத் துளியால் பெரிய பாதிப்பு இல்லை, நனைந்த இலையால் உண்டு. கம்பத்தை இன்றைய மரத்துக்கு அல்ல, மூன்று வருடம் கழித்து இருக்கப்போகும் மரத்துக்கு அளந்து நடுங்கள். டிஷ் கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் சர்ஜ் புரொடெக்டரும், கம்பத்துக்கு எர்த்தும் போடாமல் விட்டால் முதல் கோடை இடியில் ரேடியோவும் ஸ்விட்சும் சேர்ந்து போகும்.